ஸல்ஸலின் நடுவிரல்

இசையை எண்ணால் அளக்கப் புகுந்தோர் முன் எழும் வினா ஒன்றுண்டு. கணக்கு காட்டும் இடத்தில் விரலை வைப்பதா, செவி ஒப்பும் இடத்தில் வைப்பதா? அப்பாஸியர் கால பக்தாதில் இவ்வினா, 'ஊத்' எனும் நரம்புக் கருவியில் நடுவிரல் பதியும் இடத்தைப் பற்றி எழுந்தது.

கிரேக்க மரபுவழிக் கணக்கு, 'வுஸ்தா' எனப்படும் நடுவிரலுக்கு 32/27 என்ற விகிதத்தையும், மோதிர விரலுக்கு 81/64 என்ற விகிதத்தையும் வகுத்திருந்தது. ஒரு ஸ்தாயியை 1200 சம அலகுகளாகப் பகுக்கும் இன்றைய அளவையில் இவை முறையே 294, 408 அலகுகளாகும். ஹாரூன் ரஷீத் காலத்து ஊத் கலைஞர் மன்ஸூர் ஸல்ஸல் இவ்விரண்டிற்கும் இடையே விரலை ஊன்றினார். அச்சுரம் 'வுஸ்தா ஸல்ஸல்' என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

தத்துவமேதை அல் ஃபாராபி (மறைவு 950), 'கிதாபுல் மூஸீக்கா அல் கபீர்' எனும் நூலில் இதனைப் பிழையென்று தள்ளவில்லை. 27/22 என அளந்து பதிவு செய்தார். இது 355 அலகுகள். ஏறத்தாழ நேர் நடு. கோட்பாட்டிற்காக வழக்கைத் திருத்தாமல், வழக்கிற்குரிய எண்ணைத் தேடிய நேர்மை இது.

1258இல் பக்தாத் ஹுலாகுவிடம் வீழ்ந்தபோது உயிர் தப்பியவர் ஸஃபிய்யுத்தீன் அல் உர்மவீ (மறைவு 1294). அவரது 'கிதாபுல் அத்வார்' ஸ்தாயியை 17 சமமற்ற இடைவெளிகளாக வகுத்தது. ஒரு முழுச்சுரம் என்பது 90 அலகுடைய இரண்டு 'பகிய்யா'க்களும், 24 அலகுடைய ஒரு சிற்றிடைவெளியும் சேர்ந்தது. ஸ்தாயியில் ஐந்து முழுச்சுரங்களும் இரண்டு பகிய்யாக்களும் உள்ளன. ஆகவே பகிய்யா பன்னிரண்டு, சிற்றிடைவெளி ஐந்து, மொத்தம் பதினேழு. கணிதம் அழகாக நிறைவுற்றது. ஆனால் அக்கட்டமைப்பில் ஸல்ஸலின் சுரம் 384 அலகிற்கு உயர்ந்துவிட்டது. ஒழுங்கிற்குக் கொடுத்த விலை அது.

1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் பழைய வினா மீண்டும் எழுந்தது. ஸ்தாயியை 24 சமமான கால்சுரங்களாக வகுக்கும் திட்டத்தைச் சிலர் முன்வைத்தனர். துருக்கிய அறிஞர் ரவூஃப் யெக்தா போன்றோர் அதனை ஏற்கவில்லை. முடிவில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

அச்சுரத்தின் வழித்தோன்றலான 'ஸீகாஹ்' இன்றும் இஸ்தான்புல்லில் சற்று உயர்ந்தும், கெய்ரோவில் சற்றுத் தாழ்ந்தும் ஒலிக்கிறது. இரண்டும் முறையான மரபுகளே. ஒன்றை அளவுகோலாக்கி மற்றதைப் பிழையென்போர், ஃபாராபி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டிய நெறியைத் தவறவிட்டவராவர்.