எலிக்குப் பயந்த சூரத்

எங்க வீட்டில் எலியைப் பற்றிப் பேச்சு வந்தால் 1994-ஆம் வருஷத்தைத்தான் இழுப்பாங்க. எங்க மாமா ஒருத்தர் அப்போ பம்பாயில் மளிகைக் கடையில் வேலை பார்த்தார். பிளேக் வந்துட்டுன்னு பயந்து ஊருக்கு ரயிலேறிட்டார். ஆச்சி அவரை வாசலிலேயே நிறுத்தி, வெந்நீரில் குளிக்க வைத்து, துணிமணியை எரித்த பிறகுதான் உள்ளே விட்டாளாம். அப்படியும் தெருவில் ஒருத்தரும் அவரோடு பேசலை.

பிளேக் பரவியது பம்பாய்க்கு வடக்கே குஜராத்தில் உள்ள சூரத் நகரத்தில். நாம் கட்டுகிற சிந்தெடிக் சேலை நிறைய அங்கே இருந்துதான் வருது. பிழைக்க வந்த தொழிலாளர்கள் நெருக்கடியான குடிசைகளில் இருந்தாங்க. அந்த வருஷம் தபதி ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தபோது குப்பையும் செத்த மாடுகளும் தெருவில் கிடந்து அழுகின. செப்டம்பரில் காய்ச்சல் ஆரம்பித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தாங்க. லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினாங்க. ஓடினவர்களில் டாக்டர்களும் உண்டு!

பிளேக் கிருமி எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி மூலமாக மனுஷனுக்கு வருது. நுரையீரலில் இறங்கிவிட்டால் இருமலிலேயே அடுத்தவருக்குப் போகும். பூச்சிதான் காரணம் என்று 1898-இல் சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடித்தார். அதுக்கு இரண்டு வருஷம் முன்னாடி பம்பாயில் துறைமுகத்துப் பக்கம், தானியக் கிடங்குகள் இருந்த மாண்டவியில் பிளேக் தொடங்கியிருந்தது. வெள்ளைக்காரச் சர்க்கார் ஆளை விட்டு வீடு வீடாகச் சோதனை போட்டது. ஜனங்கள் நோயாளியை ஒளித்து வைத்தாங்க. நானாக இருந்தாலும் ஒளித்துத்தான் வைத்திருப்பேன். மும்பை மாநகராட்சியில் ராத்திரி தடியும் டார்ச் லைட்டும் எடுத்துப்போய் எலி அடிக்கவே ஆட்கள் இருக்காங்க. ஒரு ராத்திரிக்கு முப்பது எலி அடிக்கணுமாம். எலி மூணு வாரத்தில் ஏழெட்டு குட்டி போடுது. தீனி கிடைக்கிறவரை அடிச்சுத் தீராது.

சூரத்தில் தீனியில்தான் கை வைத்தாங்க. 1995-இல் எஸ்.ஆர். ராவ் என்பவர் கமிஷனராக வந்தார். நகரத்தை ஆறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரி. அவர்கள் ஏ.சி. ரூமில் உட்கார முடியாது, காலையில் தெருவில் நிற்கணும். ராத்திரியிலும் தெரு கூட்டினாங்க. குப்பை போட்ட கடைக்கும் ஓட்டலுக்கும் அபராதம். குடிசைப் பகுதிக்கும் கழிப்பறை, சாக்கடை வந்தது. முதலில் முணுமுணுத்த ஜனங்களே பிறகு தங்கள் வாசலைத் தாங்களே பார்த்துக்கிட்டாங்க. ஒன்றரை வருஷத்தில், சண்டிகருக்கு அடுத்த சுத்தமான நகரம் என்று 1996-இல் இன்டாக் அமைப்பு சொன்னது. 2023-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் தூய்மைப் பட்டியலில் இந்தூரோடு சேர்ந்து முதலிடம்.

நம்ம குற்றாலத்துக்கு வருவோம். எங்க குழுவில் ஒரு மதினி சீசனுக்கு ஐந்தருவி ரோட்டில் சாப்பாட்டுக் கடை போடுறாங்க. மிச்சச் சோற்றை மூடி போட்ட வாளியில்தான் வைப்பாங்க. பக்கத்துக் கடைகளில் ஓடையில் கொட்டுறாங்க. எலி அதைத் தின்னுட்டு மதினி கடை அரிசி மூட்டையைக் கடிக்குது. ஒரு சீசனில் இரண்டு மூட்டை போச்சு. அதனால் இந்தச் சாரலுக்கு அந்த வரிசையில் இருக்கிற ஏழு கடைக்கும் பொதுவாக ஒரு பெரிய மூடித்தொட்டி வாங்க, கடைக்கு இருநூறு ரூபாய் என்று பேசியிருக்கோம். நாலு கடைக்காரங்க கொடுத்துட்டாங்க. மூணு பேர் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.