பனிச்சரிவு

மலைச்சரிவில் படிந்த பனி பிடிப்பை இழந்து திரளாகக் கீழே பாய்வது பனிச்சரிவு. இந்தியாவில் காஷ்மீர், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், சிக்கிம் முதலிய பகுதிகளின் உயர்மலைகளில் இது நேர்கிறது. மலையேற்றத்துக்கோ பனிச்சறுக்குக்கோ செல்வோரின் உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை தாமாக நிகழ்வதில்லை. சிக்கிக்கொண்டவரோ அவருடன் சென்றவரோதான் அறியாமல் அவற்றைக் கிளப்பிவிடுகிறார்.

தோற்றம்

மலைப்பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் தனி அடுக்காகப் படிகிறது. தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸில் இருக்க, மேற்பரப்பு மிகவும் குளிர்ந்துவிடும். இந்த வேறுபாடு 10 செ.மீ. ஆழத்துக்கு 1 டிகிரியைத் தாண்டினால், அடியிலிருந்து நீராவி மேலேறிப் பனித்துகள்களைக் கோணமுள்ள மணிகளாக மாற்றுகிறது. அந்தப் பனியை அள்ளி எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் உருண்டையாகாது. சர்க்கரைபோல விரலிடுக்கில் உதிரும். பனி மெல்லியதாகவும் குளிர் கடுமையாகவும் உள்ள லடாக், காரகோரம் பகுதிகளில் இத்தகைய அடுக்குகள் எளிதில் உருவாகின்றன.

இந்த நொய்ந்த அடுக்கின்மேல் புதுப்பனியோ காற்று அடித்துக் குவித்த பனியோ பாளமாக இறுகும்போது ஆபத்து முதிர்கிறது. ஒரே ஆளின் எடை பட்டாலும் அடியடுக்கு நொறுங்கலாம். விரிசல் நொடியில் பரவ, பாளம் முழுவதும் கழன்று இறங்கும். இவ்வகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வில் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி சேரும் முன்பே சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுகிறது.

வகைகள்

பாளச் சரிவே அதிக உயிர்களைக் கொல்வது. தளர்பனிச் சரிவு ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல விரியும். ஈரப்பனிச் சரிவு வெயிலாலும் மழையாலும் வருவது. மெதுவாக நகர்ந்தாலும் மிகக் கனமானது. உலர்ந்த தூள்பனிச் சரிவு மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் பாயக்கூடும்.

அறிகுறிகள்

அருகிலுள்ள சரிவுகளில் புதிதாகப் பனி சரிந்த தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், நடக்கும்போது பனி அமுங்கி எழுப்பும் ‘தொம்’ என்ற ஓசை ஆகியவை நேரடி எச்சரிக்கைகள். கனத்த பனிப்பொழிவு, பலத்த காற்று, திடீர் வெப்பம் ஆகியவற்றுக்குப் பிறகும் ஆபத்து கூடும். அபாயத்தை 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளாகக் குறிக்கும் முறையை ஐரோப்பிய நாடுகள் 1993இல் பொதுவாக ஏற்றன. நடு எண்தானே என்று 3ஆம் நிலையை எளிதாக எண்ணக்கூடாது. சுவிட்சர்லாந்தில் மிகுதியான இறப்புகள் அந்த நிலையில்தான் நேர்கின்றன.

இமயமலையில்

பனிச்சரிவு ஆய்வுக்கென மணாலியில் 1969இல் தொடங்கிய நிறுவனம், 2020இல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் மற்றோர் ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டுப் புவிசார் ஆய்வு நிறுவனமாயிற்று. எச்சரிக்கை அறிக்கைகளை இப்போது அதுவே வெளியிடுகிறது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழுவொன்று பனிச்சரிவில் சிக்கி 29 பேரை இழந்தது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் நிலையைப் பனி மூடியதில், மதராஸ் படைப்பிரிவின் 10 வீரர்கள் புதைந்தனர். அவர்களில் நால்வர் தமிழகத்தவர். ஆறு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று இறந்தார்.

மீட்பு

ஹனுமந்தப்பா அத்தனை நாள் தாங்கியது மிக அரிய விதிவிலக்கு. நின்றுபோன பனி சிமென்ட்போல இறுகிவிடும்; புதைந்தவரால் கையைக்கூட அசைக்க முடியாது. முதல் 10 நிமிடங்களில் தோண்டியெடுக்கப்படுவோரில் பெரும்பாலானோர் பிழைக்கின்றனர். அதற்குப் பின் மூச்சுத்திணறலால் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. மீட்புப்படை வர மணிக்கணக்காகும் என்பதால், காப்பாற்றக்கூடியவர்கள் உடன் வந்தவர்களே. ஆகவே பனிமலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மடக்கு மண்வாரி ஆகிய மூன்றையும் வைத்திருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பழகியிருக்கவும் வேண்டும். ஐயமுள்ள சரிவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கடக்க வேண்டும். அன்றைய எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படவே கூடாது.