மரம் நட்டால் மட்டும் போதுமா? வொஷிங்டனின் உயிருள்ள நத்தார் மரங்கள்

"நத்தாருக்கு மரத்தை ஏன் வெட்டுவான்? உயிரோட நிக்கிற மரத்தையே சோடிக்கலாமே." மார்கழி வந்தால் இந்தக் கதையும் வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த எண்ணத்தை எல்லாரும் பார்க்க, நூறு வருசமாகச் செய்துபார்த்த ஓர் இடம் இருக்கிறது: அமெரிக்க வெள்ளை மாளிகையின் சுற்றாடல். அங்கே எத்தனை மரம் செத்தது, ஏன் செத்தது எண்டு பார்த்தால், நாங்கள் படிக்க நிறைய இருக்கு.

1923 டிசம்பர் 24 பின்னேரம் ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜ் முதலாவது தேசிய நத்தார் மரத்துக்கு விளக்கேற்றினார். அது அவரது சொந்த மாநிலமான வெர்மொன்டில் வெட்டிக் கொண்டுவந்த 48 அடி பல்சம் ஃபேர் மரம். அதில் சிவப்பு, வெள்ளை, பச்சை நிறங்களில் 2,500 மின்குமிழ்கள்.

அடுத்த ஏப்ரலில் அதே கூலிட்ஜ், அமெரிக்க வனவியல் சங்கத்தின் கூட்டத்தில் நத்தாருக்காக மரம் வெட்டுவதற்கு எதிராகப் பேசினார். பேசினால் செய்துகாட்ட வேண்டுமே. அந்தச் சங்கமே ஒரு மரம் கொடுத்தது. வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த ஷேர்மன் சதுக்கத்தில் 35 அடி உயரமான நோர்வே ஸ்ப்ரூஸ் ஒன்று வேரோடு நடப்பட்டது. 1924 நத்தார், கோடரி படாத நத்தார்.

அந்த மரம் ஐந்து வருசம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1929இல் அதை மாற்ற வேண்டி வந்தது. கொன்றது கோடரி இல்லை, சோடனை. ஒவ்வொரு வருசமும் ஆட்கள் ஏறி வயர் இழுத்து, கொப்புகளை வளைத்து, பாரம் தொங்கவிட்டார்கள். அந்தக் காலத்து மின்குமிழ்களின் சூடும் சேர்ந்துகொண்டது. 1931இல் அடுத்த மரத்தையும் மாற்றினார்கள்.

1934இல் விழா லஃபாயெட் பூங்காவுக்கு மாறியபோது கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். இரண்டு ஃபிரேசர் ஃபேர் மரங்களை நட்டார்கள். ஒரு வருசம் ஒன்றைச் சோடிப்பது, மற்ற வருசம் மற்றதை. சோடனை தந்த காயத்தில் இருந்து தேற மரத்துக்கு ஓய்வு வேணும் எண்டது அப்பதான் விளங்கியிருக்கு.

பிறகு 1954 தொடக்கம் 1972 வரை திரும்பவும் வெட்டின மரங்கள். சுற்றாடல் ஆர்வலர்களின் எதிர்ப்பு வலுத்த பிறகுதான் 1973இல் பென்சில்வேனியாவில் இருந்து ஒரு கொலராடோ நீல ஸ்ப்ரூஸ் வேரோடு வந்தது. அது சில வருசங்களில் பட்டுப்போனது. 1977இல் வைத்ததை அடுத்த ஜனவரியில் காற்றுச் சாய்த்தது. 1978இல் பென்சில்வேனியாவின் யோர்க் பகுதியில் ஒரு வீட்டு வளவில் நின்ற மரத்தைத் தோண்டி எடுத்து வந்து நட்டார்கள். அதுதான் நிலைத்தது. 2011 பெப்ரவரியில் புயற்காற்று முறிக்கும்வரை 32 வருசம் நின்றது. அதன் இடத்துக்கு வந்த மரமோ, இடம்மாற்றிய அதிர்ச்சி தாங்காமல் 2012 மே மாதமே செத்தது. அதற்குப் பிறகும் மரங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

ஏன் இப்படி? வளர்ந்த மரத்தைத் தோண்டும்போது வேரின் பெரும்பகுதி பழைய மண்ணிலேயே தங்கிவிடும். மிச்ச வேர் முழு மரத்துக்கும் தண்ணி தேட வேணும். மற்றது காலநிலை. நீல ஸ்ப்ரூஸ் ரொக்கி மலைத்தொடரின் குளிர்ந்த, வறண்ட காற்றுக்குப் பழகினது. வொஷிங்டனின் புழுக்கமான கோடையில் அதன் இலைகளைப் பூஞ்சண நோய் பிடிக்கும். 2021இல் ஒரு மரத்தை மாற்றியதற்கும் அப்படியான நோய்தான் காரணம். ஒரு விசயத்தில் முன்னேற்றம் இருக்கு: 2007 முதல் எல்ஈடி விளக்குகள் வந்ததால் சூடு குறைந்துவிட்டது.

வீட்டில் உயிருள்ள மரம் வைக்க விரும்புகிறவர்களுக்கும் இதே பாடம்தான். பெரிய மரத்தை விடச் சின்னது நல்லது. சின்னனுக்குத்தான் புது மண்ணில் வேர் கெதியாப் பிடிக்கும். தோண்டி எடுத்ததை விடச் சாடியிலேயே வளர்ந்தது நல்லது. குளிர்நாடுகளில் அதை வீட்டுக்குள் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள்தான் வைக்கலாம். கூடினால் உள்சூட்டில் மரம் உறக்கம் கலைந்து துளிர்க்கத் தொடங்கும்; பிறகு வெளியே வைத்தால் அந்தத் துளிர் குளிரில் கருகும். எல்லாவற்றுக்கும் முதல், நத்தார் முடிய இதை எங்க நடப்போறம் எண்ட கேள்விக்கு மறுமொழி இருக்க வேணும். எங்கட வெக்கைக்கு ஸ்ப்ரூஸ் சரிவராது. எங்கட மண்ணில் நிக்கக்கூடிய ஒரு கன்றுக்கு நட்சத்திரம் கட்டினால் யாரும் கோவிக்கப்போறதில்லை.

கூலிட்ஜ் மரம் வெட்டுவதைத்தான் பிழை என்று நினைத்தார். அவர் நட்ட மரமோ, வெட்டாமலே செத்தது. எங்கட ஊர்களிலும் மரநடுகை நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. கன்றைப் பிடிச்சு வரிசையா நிண்டு படம் எடுப்பம். அடுத்த கோடையில் அதுக்கு ஆர் தண்ணி ஊத்தினது எண்டு கேட்டால், அந்தப் படத்தில் நிண்ட ஒருவருக்கும் தெரியாது.