எல்லைக்கோட்டுக்கு அப்பாலிருந்து: விளையாட்டுப் படக்கலையில் டெலிபோட்டோ லென்ஸ்

விளையாட்டுப் புகைப்படக்காரர் ஆட்டக்களத்துக்குள் இறங்க முடியாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் படம்பிடிக்க வேண்டும். தொலைவில் ஓடும் வீரரைப் படம் நிறையக் காட்ட லென்ஸுக்கு நீண்ட குவியத்தூரம் வேண்டும். அசைவு மங்கலாகப் பதியாமலிருக்க ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறக்கலாம். அந்தக் குறுகிய நேரத்தில் போதிய ஒளி புக லென்ஸின் துளை அகன்றிருக்க வேண்டும். இந்தத் தேவைகள் ஒன்றுக்கொன்று முரண்படுபவை. இவற்றை இணங்கச் செய்த முயற்சிகளே விளையாட்டு லென்ஸின் வரலாறு.

1891ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் ஆகியோரும் தனித்தனியே டெலிபோட்டோ லென்ஸை உருவாக்கினர். முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் அதைச் சற்றே விரிக்கும் தொகுதி என்பது அதன் அமைப்பு. இதனால் லென்ஸின் உடல் அதன் குவியத்தூரத்தைவிடக் குட்டையானது. ஆனால் உள்ளே புகும் ஒளி மிகக் குறைவு; மலையையும் கோபுரத்தையும் எடுக்க உதவியதே தவிர, ஓடுபவரை எடுக்க உதவவில்லை.

அமெரிக்கப் பத்திரிகைகள் பேஸ்பால் ஆட்டங்களுக்கு வேறு வழி கண்டன. பெரிய கிராஃப்ளெக்ஸ் கேமராவில் மிக நீண்ட லென்ஸைப் பொருத்தி, அதற்கு முதல் உலகப் போரின் ஜெர்மன் பீரங்கியான 'பிக் பெர்த்தா'வின் பெயரையே சூட்டினர். களத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் தூரத்தை முன்பே குறித்து, ஒரு நெம்புகோலை நகர்த்தியே ஃபோகஸ் செய்தனர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கையொட்டி சைஸ் நிறுவனம் கான்டாக்ஸ் கேமராவுக்கென 180 மி.மீ. எஃப்/2.8 (எஃப் எண் சிறிதானால் துளை அகலம்) சோனார் லென்ஸை வெளியிட்டது. சிறிய ஃபிலிம் கேமராவுக்கும் அதிக ஒளியுள்ள தொலைலென்ஸ் கிடைத்தது. 'ஒலிம்பியா சோனார்' என்றே அது பெயர்பெற்றது.

குவியத்தூரத்தை மாற்றக்கூடிய ஜூம் லென்ஸ் முதலில் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பயன்பட்டது. 35 மி.மீ. புகைப்படக் கேமராவுக்கான முதல் ஜூம், 1959இல் வந்த ஃபோக்லாண்டர் ஜூமார் (36–82 மி.மீ.). அதே ஆண்டில் நிக்கான் 85–250 மி.மீ. டெலிபோட்டோ ஜூமை அறிமுகம் செய்தது. எனினும் கூர்மையிலும் ஒளியிலும் ஒற்றைக் குவியத்தூர லென்ஸ்களே முந்தி நின்றதால், விளையாட்டுப் படக்காரர்கள் அவற்றைக் கைவிடவில்லை.

நீண்ட லென்ஸ்களைப் பீடித்த மற்றொரு குறை நிறப்பிறழ்வு. வெவ்வேறு நிறக் கதிர்கள் வெவ்வேறு இடங்களில் குவிவதால் விளிம்புகளில் வண்ணக்கோடு படிந்தது. 1969இல் கேனான் செயற்கை ஃபுளோரைட் படிகத்தைத் தன் 300 மி.மீ. லென்ஸில் பயன்படுத்தி இதை வெகுவாகக் குறைத்தது. 1970களில் நிக்கான் சிறப்புக் கண்ணாடியால் 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை உருவாக்கியது. எஃப்/5.6 லென்ஸைவிட அதில் நான்கு மடங்கு ஒளி புகும். ஆனால் அதன் முன்கண்ணாடி 10 செ.மீ.க்கும் அகலம். ஃபுளோரைட் வெப்பத்தில் விரிவடையும் என்பதால் கேனான் தன் பெரிய லென்ஸ்களுக்கு வெள்ளைப் பூச்சு பூசியது. இன்றும் மைதான ஓரங்களில் அந்த வெள்ளை லென்ஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

ஜூம் லென்ஸின் ஒளிக்குறையும் மெல்லத் தீர்ந்தது. 1982இல் நிக்கானின் 80–200 மி.மீ. எஃப்/2.8 வந்தது, குவியத்தூரம் மாறினாலும் துளையளவு மாறாதது இதன் சிறப்பு. 1987இல் கேனானின் ஈஓஎஸ் அமைப்பு ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது; ஓடிவரும் வீரரைத் தொடரும் வேலையைக் கருவி ஏற்றது. 1995இல் அதே நிறுவனம் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் லென்ஸையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த வசதி கேமராவின் அசைவையே ஈடுசெய்யும். வீரரின் அசைவுக்கு வேகமான ஷட்டர்தான் மருந்து. 2013இல் வந்த கேனான் 200–400 மி.மீ. எஃப்/4 லென்ஸில் குவியத்தூரத்தை 1.4 மடங்காக்கும் நீட்டிப்பானே உள்ளே இடம்பெற்றது. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் அது 560 மி.மீ. வரை எட்டும், துளை எஃப்/5.6 ஆகச் சுருங்கும்.

ஆக, எட்டும் தூரத்தைக் கூட்டினால் ஒளியையோ எடையையோ விலையையோ விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதி இன்றும் மாறவில்லை. விளையாட்டுக்கு ஜூம் லென்ஸ் வாங்குபவர் அதன் துளையளவையும் ஃபோகஸ் வேகத்தையும் முதலில் பார்க்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பது அதற்கு அடுத்த கேள்வி.