வாக்ஸ் போட அரை நாள் வேணுமா? ஒன்றரை மணி நேரத்துல கார் பெயின்ட்டைக் காப்பாத்தலாம்!

டெலிவரி எடுத்த அன்னிக்கு பானெட்ல முகம் பார்க்கலாம். ரெண்டு கோடை தாண்டினா அதே பானெட் மங்கிப்போய் நிக்கும். 'வாக்ஸ் போட்டா ஞாயித்துக்கிழமையே காலி'னு தள்ளிப்போடுறவங்கதான் அதிகம். ஆனா, வரிசை தெரிஞ்சு செஞ்சா சின்ன காருக்கு வாஷ், வாக்ஸ் ரெண்டையும் ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிடலாம்.

எதைக் காப்பாத்துறோம்?

இரும்பு பாடிக்கு மேல துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், கலர், கடைசியா நிறமில்லாத 'கிளியர் கோட்'. இதன் தடிமன் பொதுவாக 40 - 50 மைக்ரான்தான். வெயில், பறவை எச்சம், மரப்பிசின், போர்வெல் தண்ணியின் உப்புக்கறை எல்லாம் முதலில் தாக்குவது இதைத்தான். கிளியர் கோட் உரிய ஆரம்பிச்சிட்டா எந்த வாக்ஸும் உதவாது. ரீபெயின்ட்தான் ஒரே வழி. வாக்ஸ், அதுக்கு மேல நின்னு அடி வாங்கிக்கிற மெல்லிய அடுக்கு.

பாலிஷ் வேற, வாக்ஸ் வேற. பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்ச்சு எடுப்பது. அதனால ஒவ்வொரு முறையும் அது தேவையில்லை.

நேரத்தை மிச்சப்படுத்தும் 6 வழிகள்

1. நிழலில், பாடி சூடு ஆறின பிறகு தொடங்குங்க. சூடான பானெட்ல வாக்ஸ் இறுகிடும். துடைச்சு எடுக்க கை வலிச்சிடும்.

2. கார் கழுவின பிறகு, கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கிட்டு மெதுவா தடவிப் பாருங்க. மணல் மாதிரி நெருடினா 'கிளே பார்' தேவை. வழுவழுன்னு இருந்தா அந்த வேலையே மிச்சம்.

3. கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள்ல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. அதுல வாக்ஸ் பட்டா வெள்ளைக் கறை லேசுல போகாது.

4. மெல்லிசா பூசுங்க. பெயின்ட்ல ஒட்டுற மெல்லிய படலம்தான் வேலை செய்யும். மிச்சத்தை எப்படியும் துடைச்சு எடுக்கத்தான் போறோம்.

5. பூசின இடத்தை விரலால் லேசா இழுத்துப் பாருங்க. ஈஷாம சுத்தமா வந்தா துடைக்கலாம்னு அர்த்தம். இதுக்கு மைக்ரோஃபைபர் துணிதான் சரி.

6. வெயில் நேரா விழுற ரூஃப், பானெட், டிக்கிக்கு பேஸ்ட் வாக்ஸ். கதவுகளுக்கு ஸ்ப்ரே வாக்ஸ் போதும். ஈரத்தோடவே அடிச்சுத் துடைக்கிற ஸ்ப்ரேவும் கிடைக்குது. நேரம் மிச்சமாகுறது இங்கேதான்.

எதை வாங்கலாம்?

'கார்னுபா', பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. நல்ல மினுமினுப்பு தரும். ஆனா, நம்ம வெயில்ல சில வாரம்தான் தாக்குப்பிடிக்கும். செயற்கை சீலன்ட் சில மாதங்கள் நிக்கும். அடிக்கடி மெனக்கெட முடியாதவங்களுக்கு சீலன்ட்தான் பெஸ்ட். செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனா செலவும் அதிகம், கார் கழுவுற வேலையும் குறையாது.

இதெல்லாம் வேண்டாமே!

* தூசி படிஞ்ச காரை உலர்ந்த துணியால துடைக்காதீங்க. வெயில்ல தெரியுற வட்ட வட்டக் கீறல்களுக்கு முக்கியக் காரணம் இதுதான்.
* பாத்திரம் கழுவும் லிக்விட், போட்ட வாக்ஸையும் சேர்த்துக் கழுவிடும். கார் ஷாம்பு பயன்படுத்துங்க.
* பளபளப்புக்காக டீசல் தொட்டுத் துடைக்காதீங்க. அந்த எண்ணெய்ப் பசையில் தூசிதான் ஒட்டும்.
* பறவை எச்சத்தைச் சுரண்டாதீங்க. ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் போட்டு ஊறவெச்சு, மெதுவா எடுங்க. அதையும் அன்னிக்கே செஞ்சிடணும்.

அடுத்த வாக்ஸ் எப்போ?

காலண்டர் பார்க்க வேணாம். கழுவின கார்மேல ஒரு மக் தண்ணி ஊத்துங்க. முத்து முத்தா உருண்டு ஓடினா வாக்ஸ் இன்னும் இருக்கு. தண்ணி அப்படியே படர்ந்து நின்னா, வர்ற ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிடுங்க!