வியாபாரக் காற்று: ஒரு விளக்கத்தின் வரலாறு

வியாபாரக் காற்றின் திசையை மாலுமிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதன் காரணம் படிப்படியாகவே தெளிவாயிற்று. 1686இல் எட்மண்ட் ஹாலி, இக்காற்றையும் இந்தியப் பெருங்கடலின் பருவக்காற்றையும் நிலப்படத்தில் குறித்து, சூரிய வெப்பத்தால் காற்று மேலெழுவதே அடிப்படை என்றார். ஆயினும், காற்று கிழக்கிலிருந்து வீசுவதற்குச் சூரியனின் அன்றாட நகர்வைக் காரணமாக்கியது பொருந்தவில்லை.

1735இல் வழக்கறிஞரான ஜார்ஜ் ஹாட்லி புவிச்சுழற்சியை முன்வைத்தார். நிலநடுக்கோட்டில் தரையின் சுழற்சி வேகம் மிகுதி. எனவே அதை நோக்கி வரும் காற்று பின்தங்கிக் கிழக்குக் காற்றாகிறது. இவ்விளக்கம் பல்லாண்டுகள் கவனம் பெறவில்லை. 1793இல் ஜான் டால்டன் தாமாகவே இம்முடிவை எட்டி, பின்னர் ஹாட்லியின் முன்னுரிமையை ஒப்புக்கொண்டார்.

ஹாட்லியின் விளக்கமும் முழுமையானதன்று. நகரும் காற்றின் நேர்வேகம் மாறாதென அவர் கொண்டார். உண்மையில் பேணப்படுவது கோண உந்தம். அவரது ஒற்றைச் சுற்றோட்டத்தால் இடை அட்சங்களின் மேலைக்காற்றுகளையும் முறையாக விளக்க இயலவில்லை. 1856இல் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் வில்லியம் ஃபெரல் இடையில் மற்றொரு சுற்றோட்டத்தைச் சேர்த்தார். சுழற்சியின் விலக்கம் எத்திசை இயக்கத்துக்கும் உரியது என்பதையும் அவரது தொடர் ஆய்வுகள் நிறுவின.

இன்று வெப்பமண்டலச் சுற்றோட்டம் ஹாட்லியின் பெயரையும், இடை அட்சச் சுற்றோட்டம் ஃபெரலின் பெயரையும் தாங்குகின்றன. எனினும், ஹாட்லியின் குறைபட்ட காரணமே அறிமுக நூல்களில் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பெயரைப் போற்றுவதோடு, திருத்தத்தின் வரலாற்றையும் கற்பிப்பதே அறிவியல் வரலாற்றுக்கு நேர்மையாகும்.