கப்பலில் வந்த காய்ச்சல் - 1957

ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒரு நாடு முன்கூட்டியே தயாராக இருந்தும் அது உள்ளே நுழைந்துவிட்ட கதை இது. நடந்தது நம் சென்னைத் துறைமுகத்தில்!

1957-ன் தொடக்கத்தில் தெற்குச் சீனாவில் புதுவகை ஃப்ளூ கிளம்பியது. சீனா அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையில் இல்லை. அதனால் ஹாங்காங்கைத் தாண்டி சிங்கப்பூருக்கு வந்த பிறகுதான் மற்ற நாடுகள் விழித்துக்கொண்டன. மே மாதத் தொடக்கத்தில் தகவல் கிடைத்ததும் இந்திய அரசு தடுப்பு நடவடிக்கைகளை ஆரம்பித்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஏற்கெனவே ஒரு ஃப்ளூ ஆய்வு மையம் இருந்தது. நோயாளியின் தொண்டையில் எடுத்த மாதிரியைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் செலுத்தி வைரஸை வளர்த்துப் பார்ப்பார்கள். அன்றைய கண்காணிப்பின் முக்கியக் கருவியே முட்டைதான்!

மே மாத நடுவில் நோயாளிகளோடு ஒரு கப்பல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. நோயாளிகளை இறக்கிச் சிகிச்சை அளித்தார்கள். ஆனால் அவர்களைக் கவனித்த நர்சுகளுக்கே காய்ச்சல் தொற்றி, அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. தடுப்பதற்காக நிறுத்தப்பட்டவர்கள் வழியாகவே நோய் உள்ளே வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்வது அநியாயம். இருமல், தும்மலில் பரவும் நோயை வெறும் தனி வார்டு மட்டும் என்ன செய்யும்?

1958 பிப்ரவரி வரை பதிவானவர்கள் சுமார் 44 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 1,100. கிட்டத்தட்ட 40 கோடி ஜனத்தொகையில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கு. மற்ற நாடுகளில் ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்று படுத்த நோய் இங்கே மட்டும் அவ்வளவு இரக்கம் காட்டியிருக்குமா என்ன? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. காய்ச்சல் வந்தால் மிளகு ரசமும் சுக்குக் கஷாயமும் குடித்துவிட்டு மில்லுக்கும் தறிக்கும் போனவர் எந்த ரிஜிஸ்டரில் ஏறியிருப்பார்? 44 லட்சம் என்பது நோயின் அளவல்ல, ரிஜிஸ்டரின் அளவு.

2004-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமச் சுகாதாரப் பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என மூன்று இடங்களிலிருந்து மாவட்டத்துக்குத் தகவல் போகும் ஏற்பாடு இது. 2009 பன்றிக் காய்ச்சலின்போது கிண்டி கிங் நிலையத்தில் மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். முட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சில மணி நேரத்திலேயே முடிவு தெரிந்துவிடும். ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மெடிக்கல் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர் இந்த மூன்று இடங்களிலும் வருவதில்லை.